சித்திரக்கதையும் தோட்டச் சிறாரின் மொழியும்: சபரகமுவவை முன்வைத்துச் சில கருத்துகள்

ஈழத்துத் தமிழ் இலக்கிய வரலாற்றில் 1960களின் முற்பகுதியில் நிகழ்ந்த மரபுப் போராட்டம் பற்றி விரிவாகவே எழுதப்பட்டுள்ளது. புனைகதை மாந்தர் தம் வாழ்வில் பேசுகின்றவாறே நூலிலும் பேசலாமா என்பது அப்போராட்டத்தின் மையவினாக்களுள் ஒன்று. பண்டித மரபினர் அதனை இழிசனர் வழக்கு என்று ஒதுக்கினர். உழைக்கும் மக்களின் வாழ்வை எழுதப் புகுவோர் அம்மக்களின் வாய்மொழியை வாயிலில் நிறுத்திவிட்டு உள்ளே செல்ல இயலாது என முற்போக்கு அணியினர் வாதிட்டனர். அவ்வாதத்தில் வென்றவர் யார் என்பது இன்று ஐயத்துக்குரியதன்று. என். எஸ். எம். இராமையா, தெளிவத்தை ஜோசப் முதலியோரின் கதைகளில் தோட்டத்துப் பேச்சு தலைநிமிர்ந்து நிற்கின்றது. அக்கதைகள் பல்கலைக்கழகங்களில் ஆய்வுப் பொருளாகவும் ஆகிவிட்டன. ஆயின் அதே போராட்டம் இன்னுமொரு களத்தில் தொடங்கப்படவேயில்லை. அக்களம் ஆரம்ப வகுப்பறை. எட்டு வயதுப் பிள்ளையொன்று தன் கொப்பியில் 'இஸ்தோப்பு' என்று எழுதுமாயின் சிவப்பு மை அதனை வெட்டி 'விறாந்தை' என்று திருத்துகின்றது. (முன்னது ஒல்லாந்தர் வழியாகவும் பின்னது போர்த்துக்கேயர் வழியாகவும் வந்த சொற்கள் என்பதைத் திருத்துகின்ற கை எண்ணிப் பார்ப்பதில்லை. இரண்டும் பிறமொழிச் சொற்களே. ஒன்று இலயத்துக்குரியது, மற்றையது கல்வீட்டுக்குரியது என்பதே வேறுபாடு.)

தோட்டப்புற ஆரம்பப் பாடசாலைகளில் பிள்ளைகள் தாமே சித்திரக்கதை எழுதி வரையும் முயற்சியை இப்பின்னணியில் வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இத்தகைய முயற்சிகள் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் 'படைப்பாற்றல் வளர்ச்சி', 'கற்றலில் ஆர்வம்' என்பனவற்றையே முதன்மைப்படுத்துவர். அவை பொய்யல்ல, ஆனால் அவை எந்தக் கைப்பணிக்கும் பொருந்துவன. களிமண் பிசைவதற்கும் கடதாசிப் பூச் செய்வதற்கும் அவற்றையே சொல்லலாம். சித்திரக்கதைக்கு மட்டுமே உரிய ஒன்று உண்டு. அதன் வடிவமே எழுத்து வழக்குக்கும் பேச்சு வழக்குக்கும் தனித்தனி இடங்களை ஒதுக்கித் தந்துள்ளது. கட்டத்தின் மேலோரத்திலுள்ள பெட்டி கதைசொல்பவருக்கு உரியது. மாந்தரின் வாயிலிருந்து எழும் குமிழி பேசுபவருக்கு உரியது. தமிழ்ப் பிள்ளை எழுதப் பழகும்போது எதிர்கொள்ளும் மிகப் பெரிய இடர்ப்பாடு, தான் பேசும் மொழியும் எழுதவேண்டிய மொழியும் வெவ்வேறாக இருப்பதே. அவ்விடர்ப்பாட்டுக்கு இவ்வடிவம் ஒரு தீர்வைத் தன் உடலிலேயே கொண்டுள்ளது என்பது மனங்கொள்ளத்தக்கது.

சபரகமுவவை இதற்குத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம் உண்டு. மலையகம் என்றவுடன் நம் ஆய்வாளர் பலருக்கும் அற்றனும் நுவரெலியாவும் தலவாக்கலையுமே நினைவுக்கு வருகின்றன. அங்கே தேயிலை மலைகள் தொடர்ச்சியானவை. தமிழ்பேசும் மக்கள் செறிவாக வாழ்கின்றனர். பாடசாலைகளும் சங்கங்களும் கோயில் திருவிழாக்களும் ஒரு பொதுவெளியைத் தோற்றுவித்துள்ளன. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் நிலை வேறு. இறக்குவானை, பலாங்கொடை, காவத்தை, தெரணியகலை, எட்டியாந்தோட்டை, புளத்கொகுப்பிட்டிய ஆகிய பகுதிகளில் இறப்பர்த் தோட்டங்களும் தாழ்நிலத் தேயிலைத் தோட்டங்களும் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கின்றன. ஒரு தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைக்கும் அடுத்த தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைக்கும் இடையே இரு கிராமங்கள் இருக்கலாம். தமிழ்மொழிமூல இடைநிலைப் பாடசாலை நெடுந்தொலைவில் இருப்பதால், பல குடும்பங்கள் அருகிலுள்ள சிங்களப் பாடசாலைக்கே பிள்ளைகளை அனுப்புகின்றன. அதனைக் குற்றமாகக் கூறுவதற்கில்லை. பெற்றோர் கணக்குப் பார்த்தே முடிவு செய்கின்றனர். ஆனால் ஆரம்ப வகுப்பிலேயே தமிழெழுத்து தன் வாழ்வுக்கு ஒவ்வாத ஒன்று எனப் பிள்ளை உணருமாயின் அக்கணக்கு மேலும் எளிதாகிவிடுகின்றது.

இப்பாடசாலைகளின் வரலாறும் இவ்விடத்தில் சுருக்கமாக நினைவுகூரற்பாலது. 1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளின் கல்விப் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின் மீது சுமத்தியது. கங்காணியோ கணக்கப்பிள்ளையோ ஓய்வு நேரத்தில் சில எழுத்துகளைச் சொல்லிக்கொடுத்தால் போதும் என்ற அளவிலேயே பல தோட்டங்களில் அப்பொறுப்பு நிறைவேற்றப்பட்டது. 1960, 1961ஆம் ஆண்டுகளில் அரசு உதவிபெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோது தோட்டப் பாடசாலைகள் வெளியே விடப்பட்டன. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே, 1970களின் பிற்பகுதியிலிருந்து, அப்பாடசாலைகள் தேசிய கல்வி முறைமைக்குள் படிப்படியாக உள்வாங்கப்பட்டன. இலவசப் பாடநூலும் வந்தது. அப்பாடநூலின் தமிழ், தீவு முழுவதற்கும் பொதுவான எழுத்துத் தமிழ். அது அவ்வாறிருப்பதில் தவறில்லை. ஆயினும் காம்பரா, பிரட்டுக்களம், பிள்ளைமடுவம், பேர், கொந்தரப்பு முதலிய சொற்களால் உலகத்தை அறிந்துகொண்ட பிள்ளை, அவ்வுலகம் எதுவும் எழுத்தில் இல்லை என்பதையும் அதே நூலிலிருந்து கற்றுக்கொள்கின்றது.

சித்திரக்கதை மேனாட்டு வணிகப் பண்டம் என்றும் பள்ளிக்கு ஒவ்வாதது என்றும் கருதுவோருக்கு ஒரு செய்தியைக் கூறவேண்டும். இவ்வடிவத்தின் முன்னோடியாகப் பலராலும் கொள்ளப்படும் ரொடோல்ஃப் தொப்ஃபெர் ஒரு பள்ளி ஆசிரியர். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் செனீவா நகரில் விடுதிப் பள்ளியொன்றை நடத்திய அவர், தம் மாணாக்கரை மகிழ்விப்பதற்காகவே கட்டங்கட்டமாகப் படம் வரைந்து கீழே கதை எழுதினார். முதுமைப் பருவத்துக் கதே அவற்றைப் பார்த்துப் பாராட்டினார் என்பது வரலாறு. ஆக, சித்திரக்கதை வகுப்பறைக்குள் புகுந்த அந்நியன் அன்று. வகுப்பறையிலிருந்து வெளியே சென்ற ஒன்று. 1954இல் அமெரிக்க உளமருத்துவர் பிரெட்ரிக் வெர்தம் எழுதிய நூல் சித்திரக்கதைகள் சிறாரைக் கெடுக்கின்றன என்ற அச்சத்தை உலகெங்கும் பரப்பியது. நம் ஆசிரியர் பலரிடம் இன்றும் காணப்படும் தயக்கம் அவ்வச்சத்தின் தொலைதூர எதிரொலியே எனலாம்.

நம்மவர்க்கும் இது புதிதன்று. திருவாரூர்த் தேவாசிரிய மண்டபத்தின் முசுகுந்தன் கதை ஓவியங்கள் வரிவரியாக அமைந்து தமிழ் எழுத்து விளக்கங்களோடு கதை சொல்கின்றன. கண்டி இராச்சியக் காலத்துத் தெகல்தொறுவை விகாரையின் சுவர்களில் சாதகக் கதைகள் நீண்ட பட்டிகளாக ஓடுகின்றன. ஒரே மாந்தர் ஒரே பட்டியில் பலமுறை தோன்றுவார். காலம் இடமாக மாறிவிடும். சிங்களக் கிராமத்தின் விகாரைக்கு அயலில் வாழும் தோட்டப் பிள்ளைக்கு இத்தகைய சுவர் அறிமுகமற்றதன்று. இன்னும் நெருக்கமான ஒன்று காமன் கூத்து. மன்மதனும் இரதியும் மணம் புரிவதும், சிவன் தவத்தைக் கலைக்கச் செல்வதும், எரியுண்பதும், இரதி புலம்புவதும் எனக் கட்டங்கட்டமாக நிகழும் அக்கூத்தைத் தோளில் அமர்ந்து பார்த்த பிள்ளைக்கு, கதை என்பது காட்சிகளின் வரிசை என்பதை எவரும் கற்பிக்கவேண்டியதில்லை.

சிறுவர் ஓவியம் பற்றி 1927இல் விரிவான நூலொன்றை எழுதிய பிரெஞ்சு அறிஞர் லூக்கே, பிள்ளைகள் கண்டதை வரைவதில்லை, அறிந்ததையே வரைகின்றனர் என்று காட்டினார். வீட்டை வரையும் பிள்ளை சுவரையும் வரையும். சுவருக்குள்ளே அடுப்பையும் தாயையும் தொட்டிலையும் சேர்த்தே வரையும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் அறுவர் வாழும் வாழ்க்கையை எந்த நிழற்படக் கலைஞனும் ஒரு சட்டகத்துக்குள் அடக்குவது அரிது. பிள்ளை அதனை எளிதில் செய்துவிடுகின்றது. பிள்ளைகள் பல நேரத்து நிகழ்ச்சிகளை ஒரே படத்தில் திணிப்பதையும், பின்னர் அவற்றைத் தனித்தனிப் படங்களாகப் பிரிப்பதையும் லூக்கே வகைப்படுத்தியுள்ளார். சோவியத் உளவியலாளர் வைகோட்ஸ்கி இதனை மேலும் முன்னெடுத்து, வரைதல் என்பது பிள்ளையின் பேச்சு கோடாக மாறும் நிலை என்றும், எழுத்து அதிலிருந்தே கிளைக்கின்றது என்றும் விளக்கினார். எழுத்தைக் கைப்பயிற்சியாகக் கற்பிக்காது, பிள்ளைக்குத் தேவைப்படும் ஒன்றாகக் கற்பிக்கவேண்டும் என்பது அவர் கருத்து. தேவை எங்கே தோன்றும்? படத்தால் சொல்லமுடியாத ஒன்றைச் சொல்லவேண்டியபோது தோன்றும். அப்பா கோபமாக நிற்பதை வரையலாம். அவர் என்ன சொன்னார் என்பதை வரைய இயலாது. அங்கே குமிழி வேண்டியதாகின்றது.

இனிக் குமிழியின் உள்ளே செல்வோம். பின்வருவது எந்தவொரு பிள்ளையின் ஆக்கமுமன்று. வாதத்தின் பொருட்டு யாம் அமைத்துக்கொண்டது. இறப்பர்த் தோட்டமொன்றின் காலை. முதற் கட்டத்தில் மழை. இஸ்தோப்பில் தகப்பன் நிற்கின்றான். மேலே பெட்டியில், 'காலையில் மழை பெய்தது.' குமிழியில், 'இன்னைக்குப் பால்வெட்டு இல்ல.' இரண்டாம் கட்டத்தில் தாய் அடுப்படியில்: 'அப்ப பேரும் இல்ல.' மூன்றாம் கட்டத்தில் கடை. சிங்கள முதலாளி கையை நீட்டி, 'பொத்த கேன்ன' என்கின்றார். பிள்ளை, 'அம்மா நாளைக்குத் தாரேன்னாங்க மொதலாளி' என்கின்றது. நான்காம் கட்டத்தில் குமிழி எதுவும் இல்லை. ஒழுகும் கூரைக்குக் கீழே வைத்த சட்டியும், பெரிதாக வரையப்பட்ட ஒரு சிறிய அரிசிப் பையும் மட்டுமே.

இதனை நல்லெண்ணம் கொண்ட ஆசிரியர் ஒருவர் திருத்துகின்றார் என்க. 'இன்று இறப்பர்ப் பால் வெட்டும் வேலை நடைபெறமாட்டாது.' 'ஆகையால் இன்றைய சம்பளம் கிடைக்காது.' பிழை எதுவுமில்லை. புள்ளியும் முழுமையாகக் கிடைக்கும். ஆனால் 'பேர்' என்ற சொல் போய்விட்டது. தோட்டத்தில் பேர் என்பது ஒரு நாள் வேலைக்கான பதிவு. அரைப்பேர் என்பது அரைநாட் கூலி. செக்குறோலில் பேர் விழாத நாளில் தொழிலாளிக்குக் கூலியில்லை என்பது மட்டுமன்று, அன்று அவனுக்குப் பேரே இல்லை. பெருந்தோட்ட உழைப்பு முறைமை மனிதனை எவ்வாறு கணக்கிடுகின்றது என்பது அந்த ஒரு சொல்லில் உறைந்துள்ளது. தாய் 'பேரும் இல்ல' என்று கூறும்போது அந்த 'உம்' தன்னுள் கொண்டிருக்கும் கணக்கைச் 'சம்பளம் கிடைக்காது' என்ற தொடர் கொண்டிருக்கவில்லை. திருத்தம் மொழியைத் திருத்தவில்லை, செய்தியை நீக்கியுள்ளது. சமூகவியலாளர் ஒருவர் ஓர் அத்தியாயத்தில் எழுதக்கூடியதை எட்டு வயதுப் பிள்ளை தன்னை அறியாமலே ஒரு குமிழியில் எழுத முடியும். அதனை நாம் அழித்துவிட்டுப் பின்னர் அதே பொருள் பற்றிக் கருத்தரங்கு நடத்துகின்றோம்.

எனின், எழுத்துத் தமிழைக் கற்பிக்கவே வேண்டாமா எனச் சிலர் வினவக்கூடும். கற்பிக்கவேண்டும், கட்டாயம் கற்பிக்கவேண்டும். எழுத்துத் தமிழ் கைவராத தோட்டப் பிள்ளைக்கு மேற்படிப்பும் இல்லை, அலுவலகக் கடிதமும் இல்லை. பேச்சுத் தமிழே போதும் என்று பிறர் பிள்ளைகளுக்கு உபதேசிப்பது, தம் பிள்ளைகளை நகரப் பாடசாலைக்கு அனுப்புவோர் செய்யும் ஆபத்தான தாராளம். அதற்குரிய இடமே மேற்கூறிய பெட்டி. 'காலையில் மழை பெய்தது' என்பதைப் பெட்டியில் எழுதும்போது பிள்ளை எழுத்து வழக்கைப் பயில்கின்றது. குமிழியில் பேச்சு வழக்கைப் பதிவுசெய்கின்றது. இரண்டுக்கும் இடையேயான எல்லைக்கோட்டைத் தன் கையாலேயே வரைகின்றது. தொல்காப்பியப் பாயிரம் வழக்கையும் செய்யுளையும் இரண்டாகப் பிரித்து இரண்டையுமே இலக்கணத்துக்குரிய ஊற்றாகக் கொண்டது. அப்பகுப்பை இவ்வளவு தெளிவாகப் பிள்ளைக்கு உணர்த்தக்கூடிய வேறு பயிற்சி எதனையும் யாம் அறியோம். கட்டுரை எழுதுக என்று பணிக்கப்படும் பிள்ளைக்கு எந்த வாக்கியத்தில் எந்த மொழி என்பது குழப்பம். சித்திரக்கதையில் குழப்பமில்லை.

மூன்றாம் கட்டத்து முதலாளியின் பேச்சு தனியே கவனிக்கத்தக்கது. சபரகமுவத் தோட்டப் பிள்ளையின் காதில் சிங்களம் நாள்தோறும் விழுகின்றது. கடையிலும் பேருந்திலும் மருந்துச்சாலையிலும் அம்மொழியின்றி எதுவும் நடவாது. தமிழ்க் கட்டுரையில் அதற்கு இடமில்லை; சிங்களப் பாடசாலைக் கட்டுரையில் தமிழுக்கு இடமில்லை. இரு மொழிகளின் நடுவே பிள்ளை வாழும் உண்மையான வாழ்க்கை எந்தக் கொப்பியிலும் ஏறுவதில்லை. குமிழியோ பேசுபவருக்கு உரியது. பேசுபவர் சிங்களவராயின் குமிழியில் சிங்களம் வரும், தமிழ் எழுத்திலேயே வரலாம். இதனைக் கலப்பு என்று பழிப்பதும், இன ஒற்றுமை என்று மிகைப்படப் போற்றுவதும் ஒருங்கே பிழை. கடன்கொப்பியை நீட்டச் சொல்லும் முதலாளியின் சிங்களமும், மழைநாளில் குடைக்குள் அழைக்கும் அயல்வீட்டு அம்மையின் சிங்களமும் ஒரே மொழியின் இருவேறு குரல்கள் என்பதைப் பிள்ளை அறியும். கோட்பாட்டாளர் பலருக்கு இது விளங்க நெடுங்காலமாகின்றது.

அச்சில் வந்த தமிழ்ச் சித்திரக்கதைகள் இவ்வாய்ப்பை எவ்வளவுக்குப் பயன்படுத்தின என்று பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். 1972இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கிய முத்து காமிக்ஸ் முதலியன பெரும்பாலும் மொழிபெயர்ப்புகள். இலண்டன் துப்பறிவாளரும் அமெரிக்கக் குதிரைவீரரும் குமிழிக்குள் ஏறத்தாழ எழுத்துத் தமிழிலேயே உரையாடினர். அவற்றை விரும்பிப் படித்த தலைமுறையினருள் யாமும் ஒருவர். ஆயினும் அம்மாந்தர் எவரும் மூச்சுவிட்டுப் பேசியதாக நினைவில்லை. சிங்களத்தில் 1951இல் ஜி. எஸ். பெர்னாண்டோ 'லங்காதீப'வில் வரைந்த 'நீலா' முதலாக உள்ளூர்ச் சித்திரக்கதை மரபொன்று வளர்ந்து, 1970களில் தனி வார இதழ்களாகப் பெருகிற்று. ஈழத்துத் தமிழில் விதிவிலக்காக நிற்பவர் 'சிரித்திரன்' சிவஞானசுந்தரம். அவருடைய சவாரித்தம்பர் யாழ்ப்பாணத்துப் பேச்சைக் கேலிச்சித்திரத்தின் மொழியாக்கினார். ஆனால் அது யாழ்ப்பாணம். அதிலும் வேலியும் வண்டிச் சவாரியும் உள்ள யாழ்ப்பாணம். தோட்டத்துப் பேச்சைத் தன் சொந்த மொழியாகக் கொண்டு சிரித்தும் சினந்தும் நிற்கும் அத்தகைய மாந்தர் ஒருவர் ஈழத்துத் தமிழ்ச் சித்திர உலகில் நிலைபெறவில்லை. சி. வி. வேலுப்பிள்ளை திரட்டி 1983இல் நூலான மலைநாட்டு மக்கள் பாடல்கள் வாய்மொழியைக் காத்தன. அவை பெரியோரின் மொழி. பிள்ளைகளின் மொழியை எவரும் திரட்டவில்லை.

பொதுமக்களைத் தாமே சித்திரக்கதை வரையச் செய்யும் முயற்சிகள் உலகில் இல்லாமலில்லை. பின்லாந்தைச் சேர்ந்த லெய்ப் பக்கலேனும் இந்தியாவின் சரத் சர்மாவும் பரப்பிய முறை அவற்றுள் நன்கு அறியப்பட்டது. இருவரும் இணைந்து 2007இல் அதற்கொரு கைநூலும் எழுதினர். நான்கு கட்டங்கள், இரு தாள்களை ஒட்டிய ஒரு சுவரொட்டி, ஒளிப்பிரதி எடுத்து ஊரில் ஒட்டுதல். கறுப்பு மை தவிர வேறு செலவில்லை. வரையத் தெரிந்தோரே வரையலாம் என்ற மூடநம்பிக்கையை அம்முறை தகர்த்தது என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆயினும் அது இயக்கத்தினருக்காக ஆக்கப்பட்ட முறை. அதன் கருவில் இருப்பது செய்தி: பெண்குழந்தையின் உரிமை, குடிநீர், நோய்த்தடுப்பு. வளர்ந்த ஒருவர் தாம் நம்பும் செய்திக்காக வரைவது வேறு. ஒன்பது வயதுப் பிள்ளையிடம் 'மதுவின் தீமை' என்று தலைப்பைக் கொடுத்து வரையச் சொல்வது வேறு. பின்னதில் நான்காம் கட்டம் எப்போதும் ஒன்றாகவே இருக்கும். தகப்பன் போத்தலை எறிவான், குடும்பம் சிரிக்கும், சூரியன் உதிக்கும். பிள்ளை பெரியோரின் போதனையைப் படமாகப் படியெடுத்துத் தருகின்றது. நிதி வழங்குவோரின் ஆண்டறிக்கையின் அட்டையை அது அலங்கரிக்கலாம். பிள்ளைக்கு அதனால் ஆவதொன்றுமில்லை. தோட்டப்புறங்களில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் சித்திரப் போட்டிகளின் பெரும் குறைபாடு இதுவே என்பது எம் கருத்து.

இதற்கு மாறான அனுபவம் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே பதிவாகியுள்ளது. யாஸ்னயா பொல்யானாவில் குடியானவரின் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திய டோல்ஸ்டோய், எழுதக் கற்பிக்கவேண்டியவர் யார், கற்கவேண்டியவர் யார் என்ற வினாவை 1862இல் ஒரு கட்டுரையின் தலைப்பாகவே வைத்தார். கொடுத்த தலைப்புகளில் பிள்ளைகள் எழுதியவை உயிரற்றிருந்தன. பின்னர் ஒரு பழமொழிக்குக் கதை அமைக்க அவரே எழுதத் தொடங்க, பிள்ளைகள் சூழ்ந்து நின்று அவர் வாக்கியங்களைக் குறைகூறி, கதையைத் தம் வசப்படுத்திக்கொண்டனர். அயலவன் ஒருவன் பெண்ணின் மேலங்கியை அணிந்து வந்தான் என்று ஒரு சிறுவன் சேர்த்த நுண்விவரத்தைக் கண்டு டோல்ஸ்டோய் வியந்தார். வறுமையில் வீட்டிலிருந்த எந்த அங்கியையும் எடுத்துப் போர்த்துக்கொள்ளும் வாழ்க்கை அச்சிறுவனுக்குத் தெரியும், பிரபுவுக்குத் தெரியாது. எமது எடுத்துக்காட்டின் அரிசிப் பை பெரிதாக வரையப்படுவதும் இதை ஒத்ததே. அளவுப்பிழை என்று அதனைத் திருத்துபவர் பசியின் அளவுகோலை அறியாதவர்.

செயல்முறை பற்றிச் சில. ஒரு தாளை இருமுறை மடித்தால் நான்கு கட்டம். மும்முறை மடித்து நடுவே ஒரு வெட்டு வெட்டினால் எட்டுப் பக்கச் சிறுநூல். பழைய நாட்காட்டியின் பின்புறமே போதும். முதலில் பேச்சு: பிள்ளை கதையைச் சொல்லட்டும், மற்றப் பிள்ளைகள் குறுக்கிடட்டும். பின்பு படம், அதன் பின்பே எழுத்து. எழுதத் தெரியாத முதலாம், இரண்டாம் தரப் பிள்ளைகளுக்கு ஆசிரியரே எழுத்தர். சொன்னதைச் சொன்னபடி எழுதவேண்டியது அவர் கடன். நியூசிலாந்தின் மாவோரிப் பிள்ளைகளுக்குக் கற்பித்த சில்வியா அஷ்டன்-வோர்னர் 1963இல் வெளியிட்ட நூலில், பிள்ளைகள் தாமே கேட்டுப் பெற்ற சொற்களை ஒரே பார்வையில் கற்றனர் என்றும், இறக்குமதியான வாசிப்பு நூலின் சொற்களை மாதக்கணக்கிலும் கற்கவில்லை என்றும் எழுதியுள்ளார். அச்சமும் அன்பும் தரும் சொற்களே முதலில் எழுத்தாகின. திருத்தத்தைப் பொறுத்தவரை, பெட்டியில் சொல்லையும் வாக்கியத்தையும் திருத்தலாம். குமிழியில் வாசிப்போருக்கு விளங்காத எழுத்தை மட்டும் பிள்ளையிடம் கேட்டுச் சீர்செய்யலாம், சொல்லைத் தொடக்கூடாது. ஓவியத் திறமை மிக்க ஆசிரியர் இப்பணிக்கு அத்துணைப் பொருத்தமானவர் அல்லர் என்றே யாம் கருதுகின்றோம். அவர் கரும்பலகையில் ஓர் அழகிய யானையை வரைந்துவிட்டால் முப்பது யானைகள் பிறந்துவிடும்.

பிள்ளைகள் தொலைக்காட்சி வீரர்களையே வரைகின்றனர் என்பது அடிக்கடி கூறப்படும் குறை. பிறர் படங்களைப் பார்த்தே பிள்ளைகள் வரையக் கற்கின்றனர் என 1977இல் பிரென்ட் வில்சனும் மார்ஜொரி வில்சனும் தம் ஆய்வில் காட்டியுள்ளனர். அதனை நோயாகக் கருதவேண்டியதில்லை. பறக்கும் வீரன் தோட்டத்துக்கு வந்தால் எங்கே இறங்குவான், யாரிடம் பேசுவான், என்ன மொழியில் பேசுவான் என்று ஒரு வினாவைக் கேட்டால் போதும். நியூயோர்க்கில் மைக்கேல் பிட்ஸ் 2001இல் தொடங்கிய சித்திரக்கதைத் திட்டத்திலும் பிள்ளைகள் பலர் தம் தெருவையும் அதன் வன்முறையையுமே கதையாக்கினர். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு இதனால் என்ன பயன் என்று கேட்கும் அதிபர்களுக்குச் சுருக்கமாகவே விடைகூறலாம். வாக்கியம் எழுத அஞ்சாத பிள்ளை பரீட்சைத் தாளிலும் எழுதும்.

இனி இடர்ப்பாடான பகுதி. பிள்ளை அறிந்ததை வரையும் என்றோம். தோட்டப் பிள்ளை அறிந்தவற்றுள் அஞ்சத்தக்கனவும் உண்டு. 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்கள் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களைச் சுட்டன. 1981 ஓகஸ்டில் காவத்தை, இறக்குவானைப் பகுதிகளில் இலயங்கள் தாக்கப்பட்டதைப் பாட்டிமார் இன்றும் சொல்வர். கேட்ட பிள்ளை அதனையும் ஒருநாள் வரையும். 2016 மே மாதத்தில் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவிலும் புளத்கொகுப்பிட்டியவிலும் நிகழ்ந்த மண்சரிவுகளைக் கண்ட குடும்பங்களின் பிள்ளைகளும் இருக்கின்றனர். கடுமையான துரை, அதட்டும் கங்காணி, குடித்த தகப்பன் ஆகியோரும் கட்டங்களுக்குள் வருவர். இலயம் இன்றும் தோட்டத்துக்குரியது. வேலையும் வீடும் ஒரே கையில் உள்ள இடத்தில், பிள்ளை வரைந்த கங்காணியின் மீசை குடும்பத்துக்கு வினையாகலாம். வெளியாரான நாம் 'உண்மைக் குரல்' என்று மகிழ்ந்து அப்படத்தைச் சுவரில் ஒட்டிவிட்டுக் கொழும்புக்குப் பேருந்து ஏறிவிடுவோம். விளைவை ஏற்பவர்கள் அங்கேயே இருப்பவர்கள். ஆகவே வரைந்தவை எல்லாம் காட்சிக்குரியனவல்ல. எதனை ஒட்டுவது, எதனை மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்வது என்பதைப் பிள்ளையும் வீட்டாருமே தீர்மானிக்கவேண்டும். ஆய்வாளன் பிரதி எடுப்பதற்கும் அவ்விதியே பொருந்தும். பெயரும் தோட்டமும் அறியத்தக்கவாறு வெளியிடுதல் தகாது.

ஒட்டத்தக்கனவற்றை எங்கே ஒட்டுவது என்ற வினாவும் எஞ்சுகின்றது. பாடசாலைச் சுவர் எளிதானது. அதனை மேலதிகாரிகளே மிகுதியும் பார்ப்பர். பிள்ளைமடுவத்திலோ கோயில் மடத்திலோ ஒட்டினால் கொழுந்து நிறுத்துவிட்டு வரும் தாய்மார் பார்ப்பர். வாசிக்கத் தெரியாதவருக்குப் பிள்ளையே வாசித்துக் காட்டும். பிரான்சில் செலஸ்தீன் ஃபிரெனே 1920களில் தம் கிராமப் பள்ளியில் சிறிய அச்சுப்பொறியை வைத்துப் பிள்ளைகளின் எழுத்துகளை அச்சிட்டு, தொலைவிலுள்ள பிரெத்தான் நாட்டுப் பள்ளியொன்றின் பிள்ளைகளோடு அவற்றைப் பரிமாறச் செய்தார். சபரகமுவவில் அத்தகைய பரிமாற்றத்துக்குத் தொலைவு செல்லவேண்டியதில்லை. தமிழ்ப் பாடசாலைக்கும் சிங்களப் பாடசாலைக்கும் இடையே ஒரு வயலோ ஓர் ஓடையோ மட்டுமே உள்ள இடங்கள் பல. படத்தை வாசிக்க மொழிபெயர்ப்பாளர் வேண்டாம். முதலாளியின் குமிழியை அங்குள்ள பிள்ளைகள் உடனே அடையாளம் காண்பர். 'பேரும் இல்ல' என்பதன் பொருளை இங்குள்ள பிள்ளைகளிடம் கேட்டே அறிவர்.